வானத்தின் கீழ் தூங்க யாருக்கு உரிமை?

அடிலெய்டில் என்னைச் சுற்றியிருக்கும் தமிழ் நண்பர்களிடம் நீண்ட விடுமுறை வந்தாலே ஒரு சொல் புழங்கத் தொடங்கிவிடுகிறது: 'ஃப்ரீ கேம்ப்'. காசு கட்ட வேண்டாம், முன்பதிவு வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம். நகரத்திலிருந்து வெகுதொலைவில், இடிந்து கிடக்கும் ஒரு பழைய ரயில் நிலையத்தின் அருகே வண்டியை நிறுத்தி, கூடாரம் அடித்து, நட்சத்திரங்களைப் பார்த்தபடி தூங்கலாம். படம் எடுத்துப் போட்டால் ஊரில் இருப்பவர்கள் வாய் பிளப்பார்கள். நானும் இரண்டு குளிர்காலங்களில் போயிருக்கிறேன். அந்த அமைதி பொய்யல்ல.

ஆனால் அந்த 'ஃப்ரீ' என்ற சொல்லை, சாதி ஒழிப்பு பேசும் நாம் அப்படியே விழுங்கிவிட முடியாது. ஒரு நிலம் 'சும்மா கிடக்கிறது' என்று யாராவது சொன்னால், அதன் விலையை ஏற்கெனவே கொடுத்தது யார் என்று கேட்பதுதான் நம் அரசியல். அந்தக் கேள்வியை ஊட்னடாட்டா தடத்தில் கேட்டுப் பார்க்கலாம் வாருங்கள்.

தண்ணீர் போட்ட பாதை

தெற்கு ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில் மாரீ என்ற சிற்றூரில் தொடங்கி மார்லாவில் முடியும் மண் சாலை இது. நீளம் சுமார் 620 கிலோமீட்டர். வழியில் கர்டிமர்க்கா, பெரெஸ்ஃபோர்ட் போன்ற கைவிடப்பட்ட ரயில் நிலையங்கள், ஸ்ட்ராங்வேஸ் ஸ்பிரிங்ஸ் தந்தி நிலையத்தின் கற்சுவர்கள், நீல்ஸ் ஆற்றின் குறுக்கே 578 மீட்டர் நீளத்துக்குத் துருப்பிடித்து நிற்கும் ஆல்ஜிபக்கினா இரும்புப் பாலம். பாலத்தின் அடியிலும் சில நிலையங்களின் ஓரத்திலும் பயணிகள் இலவசமாகத் தங்குகிறார்கள்.

மழையே இல்லாத இந்தப் பாலையில் இவ்வளவு கட்டடங்களும் ஏன் ஒரே வரிசையில் நிற்கின்றன? விடை நிலத்துக்கு அடியில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலத்துக்கு அடியில் பரந்திருக்கும் பேரூற்றுப் படுகையின் தண்ணீர், இந்த விளிம்பில்தான் மேடு மேடாக ஊற்றெடுத்து வெளியே வருகிறது. ஒரு ஊற்றிலிருந்து அடுத்த ஊற்றுக்கு நடந்து போகலாம். அப்படித்தான் அரபானா மக்களும் அவர்களின் அண்டை மக்களும் நடந்தார்கள். ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் செங்காவியைத் தேடி வடக்கிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வந்து, சுமந்து திரும்பினார்கள். இந்த ஊற்றுவழி ஒரு வணிகப் பெருவழி. ஒவ்வொரு ஊற்றுக்கும் பெயரும் கதையும் அதைக் காக்கும் கடமை உள்ள மனிதர்களும் இருந்தார்கள்.

1858க்கும் 1862க்கும் இடையில் ஜான் மெக்டுவால் ஸ்டூவர்ட் என்ற வெள்ளையர் இந்தப் பக்கம் வந்து வந்து போனார். கண்டத்தைக் குறுக்கே கடந்த வீரர் என்று வரலாறு அவரைப் பாராட்டுகிறது. அவரால் வடக்கே போக முடிந்ததற்கு முதற்காரணம் இந்த ஊற்றுகள். அவர் பின்னால் ஆடுமாடுகளோடு பண்ணைக்காரர்கள் வந்தார்கள். 1872இல் போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை 3,200 கிலோமீட்டர் தந்திக் கம்பி வந்தது. நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டும் என்பதால் ரயிலும் அதே ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டு 1884இல் மாரீக்கும், 1891இல் ஊட்னடாட்டாவுக்கும், 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஸ்டூவர்ட், தந்தி, ரயில் மூன்றும் அந்த மக்களின் பாதையில்தான் நடந்தன. யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. மனிதர் நடந்து வந்து குடித்த ஊற்றுகள் பண்ணைக் கால்நடைகளின் குளம்படியில் சேறாயின. ஸ்ட்ராங்வேஸ் ஸ்பிரிங்ஸ் பண்ணையில் ஆடு மேய்த்தவர்கள் பூர்வகுடிகள்தான். கூலி? மாவு, சர்க்கரை, தேயிலை, துணி. தங்கள் ஊற்றின் ஓரத்திலேயே, தங்கள் நிலத்திலேயே, படியளப்பதை வாங்கிக்கொண்டு வேலை செய்யும் பண்ணையாட்கள் ஆனார்கள். பண்ணைகளில் பூர்வகுடித் தொழிலாளர்களுக்குச் சம ஊதியம் என்று தீர்ப்பாயம் சொல்ல 1966 வரை ஆனது. அது நடைமுறைக்கு வந்தது 1968 இறுதியில்.

தண்ணீரை யார் தொடலாம் என்பதற்காக 1927இல் மகாத் குளத்துக்கு அண்ணல் அம்பேத்கரின் பின்னால் நடந்த மக்களின் வரலாறு தெரிந்தவர்கள் நாம். தண்ணீரைக் கைப்பற்றினால் மனிதர்களையும் கைப்பற்றலாம் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தண்டவாளத்தின் இரண்டு பக்கங்கள்

இந்தத் தடத்தில் நம் துணைக்கண்டமும் இருக்கிறது. டார்வினில் கரையேறிய கடலடிக் கம்பி ஜாவா, சிங்கப்பூர் வழியாக மெட்ராஸைத் தொட்டுத்தான் லண்டன் போனது. பெரெஸ்ஃபோர்டின் இடிபாட்டோரம் ஓடிய கம்பியில் போன செய்தி நம் சென்னையைக் கடந்து போயிருக்கிறது என்பது வெறும் சுவையான தகவல் அல்ல. ஒரே பேரரசின் ஒரே நரம்பு அது.

கம்பியையும் தண்டவாளத்தையும் உணவையும் சுமந்து வந்தது யார்? ஒட்டகங்கள். ஒட்டகங்களைக் கொண்டுவந்தது யார்? கராச்சித் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய பலூச்சி, பத்தான், பஞ்சாபி, சிந்தி உழைப்பாளிகள். வெள்ளையர்கள் எல்லாரையும் சேர்த்து 'ஆஃப்கான்' என்று ஒரே பெயரில் அழைத்தார்கள். இன்று அடிலெய்டிலிருந்து டார்வின் வரை சொகுசுப் பயணிகளை ஏற்றிச் செல்லும் 'கான்' ரயிலின் பெயர் அதன் சுருக்கம் என்பதே பரவலான விளக்கம். ரயிலின் சின்னத்தில் ஒட்டகமும் அதன் மேல் ஒரு மனிதனும் உண்டு. ஆனால் அந்த மனிதனுக்கு அந்த நாட்டில் கிடைத்தது என்ன?

மாரீ ஊரைப் பாருங்கள். ஊரின் நடுவே ரயில் பாதை. ஒரு பக்கம் வெள்ளையர்களின் வீடுகள், ஓட்டல். மறுபக்கம் 'கான்டவுன்' என்று அழைக்கப்பட்ட ஒட்டகக்காரர்களின் தகரக் கொட்டகைகள், மண் பள்ளிவாசல், பேரீச்சை மரங்கள். பூர்வகுடி மக்கள் அந்தப் பக்கத்தின் ஓரத்தில். இடுகாட்டிலும் தனித்தனிப் பகுதிகள். ஊர், சேரி, தனிச் சுடுகாடு என்று நமக்குத் தெரிந்த அதே வரைபடத்தை யாரோ பாலைவனத்தில் வரைந்து வைத்ததுபோல் இருந்தது எனக்கு. சாதியும் நிறவெறியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சாதிக்கு மதம் தந்த புனிதம் உண்டு, அகமணமுறை என்ற பூட்டு உண்டு. ஆனால் மனிதர்களைத் தரம் பிரித்தவுடன் நிலத்தையும் பிரித்துவிட வேண்டும் என்ற அவசரம் இரண்டுக்கும் பொது.

1901இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டது. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையின் அடித்தளம் அது. இருபது, முப்பது ஆண்டுகள் அந்தப் பாலையில் உழைத்த ஒட்டகக்காரர்களுக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது. மனைவி மக்களை அழைத்துக்கொள்ளவும் வழியில்லை. லாரிகள் வந்ததும் ஒட்டகமும் தேவையில்லை என்றானது. 1925இல் தெற்கு ஆஸ்திரேலியா ஒட்டக அழிப்புச் சட்டம் என்றே ஒன்று கொண்டுவந்தது. தங்களோடு வாழ்ந்த விலங்கைச் சுட மனம் வராமல் பலர் அவற்றைப் பாலையில் அவிழ்த்துவிட்டார்கள்.

இங்கேதான் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை நினைக்க வேண்டும். மேலே ஒருவன், கீழே ஒருவன் என்று இரண்டே படிகள் இருந்தால் கீழே இருப்பவர்கள் ஒன்றுசேர்ந்து கவிழ்த்துவிடுவார்கள். அதனால்தான் நடுப்படிகள் வைக்கப்படுகின்றன. ஒட்டகக்காரர் நடுப்படியில் இருந்தார். வெள்ளையர் அவரைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. ஆனாலும் அரபானா மக்களின் நிலத்தைப் பறித்த கம்பியும் தண்டவாளமும் அவருடைய ஒட்டகத்தின் முதுகில்தான் வந்தன. அதே நேரத்தில் அந்த நடுப்படியிலிருந்து கீழ்நோக்கிக் கை நீட்டியவர்களும் உண்டு. பலர் பூர்வகுடிப் பெண்களை மணந்தார்கள். இரண்டு வழிமரபையும் தாங்கிய குடும்பங்கள் இன்றும் அந்த வட்டாரத்தில் வாழ்கின்றன. நடுப்படியில் இருப்பவருக்கு எப்போதும் இரண்டு வழிகள் உண்டு என்பதற்கு அந்தக் குடும்பங்களே சாட்சி.

ஒருவருக்கு விடுமுறை, இன்னொருவருக்குக் குற்றம்

இப்போது கூடாரத்துக்கு வருவோம்.

அந்தப் பழைய ரயில் போய் முடிந்த ஊர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். அர்ரெர்ண்டே மக்களின் நிலம். 1928 முதல் 1964 வரை அந்த ஊர் பூர்வகுடிகளுக்குத் தடைசெய்யப்பட்ட பகுதி. வேலைக்கு வரலாம், அனுமதி வேண்டும். வேலை முடிந்தால் வெளியே போய்விட வேண்டும். தங்கள் சொந்த மண்ணில் இரவு தூங்கினால் குற்றம். அதனால் ஊரைச் சுற்றி ஆற்றுப்படுகையிலும் குன்றோரத்திலும் தங்கினார்கள். அவையே பின்னாளில் 'டவுன் கேம்ப்' என்று பெயர் பெற்றன.

கேம்ப் என்ற ஒரே சொல்தான். நான் செய்தால் விடுமுறை. அவர்கள் செய்தால் ஒழுங்குப் பிரச்சினை. இன்றும் நகரப் பூங்காவில் நான்கு பூர்வகுடிகள் போர்வை விரித்துப் படுத்திருந்தால் அதை 'ஃப்ரீ கேம்பிங்' என்று யாரும் சொல்வதில்லை, காவல் வண்டிக்குத்தான் தகவல் போகிறது. வானத்தின் கீழ் தூங்குவது சுதந்திரமா, அநாதரவா, அத்துமீறலா என்பதைத் தீர்மானிப்பது வானம் அல்ல. தூங்குகிறவரின் உடல் எது என்பதுதான்.

இது நமக்குப் புதிதா? ஆற்றோரத்தில் ரிசார்ட் கட்டினால் சுற்றுலா, அதே ஆற்றோரத்தில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இரண்டு நாட்டிலும் நிலத்தை அளந்து பெயர் சூட்டிய கை ஒன்றுதான். அங்கே 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்றது. இங்கே 'தரிசு' என்றது, 'புறம்போக்கு' என்றது. செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி ட்ரெமன்ஹீர் அறிக்கை எழுதிய 1891இல்தான் ஊட்னடாட்டாவுக்கு ரயில் போய்ச் சேர்ந்தது. அதைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் இன்று யார் கையில் இருக்கின்றன என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பொய்யை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் தூக்கி எறிந்தது 1992இல். அரபானா மக்களின் பூர்வ உரிமையைக் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றது 2012இல். அதுவும் முழு உரிமை அல்ல. பெரும்பகுதியில் பண்ணைக் குத்தகையோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய உரிமை. இரண்டும் மோதினால் குத்தகைதான் வெல்லும்.

எது இடிபாடு, எது வெறும் நிலம்?

அந்தத் தடத்தில் 'வரலாற்றுச் சின்னம்' என்று நாம் நின்று படம் எடுப்பவை பெரும்பாலும் எவை? ரயில் நிலையம், தந்தி நிலையம், பாலம், தண்ணீர்த் தொட்டி. நூறு, நூற்றைம்பது ஆண்டுப் பழையவை. அவற்றைச் சுற்றி மணல்மேட்டில் சிதறிக் கிடக்கும் கல் ஆயுதச் சில்லுகள் பல நூற்றாண்டுகளைப் பார்த்தவை. சுவர் இருந்தால் வரலாறு, சுவர் இல்லாவிட்டால் வெறும் நிலம் என்று நம் கண் பழக்கப்பட்டிருக்கிறது. கல்லில் கோயில் கட்டியவன் வரலாற்றில் நின்றான், கல் சுமந்தவன் நிற்கவில்லை என்பதைப் பேசும் நாம், அங்கே போனதும் அதே கண்ணைப் போட்டுக்கொள்ளலாமா?

அந்தச் சில்லுகளை நினைவுப் பொருளாகப் பையில் போடுகிறவர்கள் உண்டு. 1988ஆம் ஆண்டின் பூர்வகுடி மரபுச் சட்டப்படி அவற்றை எடுத்துச் செல்வதும் சேதப்படுத்துவதும் குற்றம். குளிருக்கு ரயில் பாதையின் பழைய கட்டைகளை எரிக்கிறார்கள். ஊற்றோரத்துக் காய்ந்த மரங்களை வெட்டுகிறார்கள். அங்கே ஒரு மரம் வளர எத்தனை மழை வேண்டும் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மாரீக்கு மேற்கே ஃபின்னிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் அரபானா மக்களின் குடியிருப்பும் மிஷன் பள்ளியும் இருந்தன. அங்கே வளர்ந்து, அந்தப் பழைய ரயில் பாதையிலேயே வேலை பார்த்த அரபானா மூத்தவர் ரெக் டாட், 'டாக்கிங் சைட்வேஸ்' என்ற நூலை 2019இல் மால்கம் மெக்கின்னனோடு சேர்ந்து வெளியிட்டார். பயணத் திட்டம் போடும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: டயர் பற்றி நூறு காணொளி பார்க்கிறீர்கள், இந்த ஒரு புத்தகத்தையும் படியுங்கள். இடிபாட்டில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள், பேசுகிறார்கள், எழுதுகிறார்கள்.

பறிப்பும் முடிந்துபோன கதை அல்ல. ஒலிம்பிக் டேம் சுரங்கத்துக்காக 1982இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அந்தச் சுரங்கம் அதே பேரூற்றுப் படுகையிலிருந்து பல பத்தாண்டுகளாகத் தண்ணீர் எடுத்துவருகிறது. தங்கள் ஊற்றுகளின் உயிர் குறைகிறது என்று அரபானா மக்கள் குரல் எழுப்பி வருகிறார்கள். நாம் கூடாரம் அடிக்கும் இடத்தின் அடியில் இன்றும் நடந்துகொண்டிருக்கும் போராட்டம் இது.

நாம் எந்தப் படியில்?

'நிலத்தைப் பறித்தது வெள்ளைக்காரன். நேற்று வந்த எனக்கும் இதற்கும் என்ன?' என்று ஒரு நண்பர் கேட்டார். நேர்மையான கேள்விதான். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் இந்தியாவில் பிறந்தவர்கள் சுமார் 6.7 லட்சம். வெளிநாட்டில் பிறந்தவர்களில் இங்கிலாந்துக்கு அடுத்த இடம். ஒட்டகக்காரருக்கு மறுக்கப்பட்ட குடியுரிமையை நாம் விழா எடுத்து வாங்கிக்கொள்கிறோம். வாக்களிக்கிறோம். 2023 அக்டோபர் 14 அன்று, பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்திடம் கருத்துச் சொல்லும் ஓர் அமைப்பு வேண்டுமா என்று கேட்ட பொதுவாக்கெடுப்பில் 60 விழுக்காட்டினர் 'வேண்டாம்' என்றார்கள். கருத்துச் சொல்லும் உரிமை மட்டும்தான் கேட்டார்கள், அதுவே கிடைக்கவில்லை. அந்த வாக்குப்பெட்டியில் நம் வாக்கும் இருந்தது. நிலத்தைப் பறித்தது நாம் இல்லை. பறித்த நிலத்தின் வசதியை அனுபவிப்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது. இட ஒதுக்கீடு பற்றிப் பேசும்போது 'என் தாத்தா செய்ததற்கு நான் என்ன செய்வேன்' என்று கேட்கும் ஆதிக்கச் சாதி நண்பனுக்கு நாம் என்ன பதில் சொல்வோமோ, அதுதான் இங்கே நமக்கும் பதில்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு இப்போதே இருக்கிறது. அந்தத் தடத்தின் ஓரத்தில் கட்டி தண்டா என்ற மாபெரும் உப்பு ஏரி. அரபானா மக்களுக்கு அது புனிதமான இடம். அவர்களோடு சேர்ந்து மாநில அரசு அண்மையில் கொண்டுவந்த மேலாண்மைத் திட்டம், பொழுதுபோக்குக்காக ஏரிப் பரப்பில் இறங்குவதைத் தடுக்கிறது. கரையில் நின்று பாருங்கள், மேலே விமானத்தில் பறந்து பாருங்கள், காலை வைக்காதீர்கள். இவ்வளவுதான். உடனே 'எல்லாருக்கும் சொந்தமான நாட்டில் எனக்குத் தடையா?' என்று கூச்சல் எழுந்தது. 2019இல் உலுரு பாறையில் ஏறுவது நிறுத்தப்பட்டபோதும் இதே கூச்சல். கடைசி நாள்களில் ஏறிவிட வேண்டும் என்று வரிசை கட்டி நின்றார்கள். மூத்தவர்கள் ஏறாதீர்கள் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த பாறை அது.

இங்கே நம்மவர் சிலருக்கு ஒரு குழப்பம் வரும். 'நாம் கோயில் நுழைவுக்குப் போராடியவர்கள், தடைகளை உடைப்பதுதானே நம் மரபு?' என்று கேட்பார்கள். தடை எதற்காக என்று பார்க்க வேண்டும். கோயில் கதவைச் சாத்தியவர்கள் நிலமும் அதிகாரமும் வைத்திருந்தவர்கள். ஒரு பிரிவு மனிதர்களை மனிதர்களே இல்லை என்று சொல்வதற்காகச் சாத்தினார்கள். அரபானா மக்கள் பிறப்பைப் பார்த்து யாரையும் இழிவு செய்யவில்லை. எல்லாம் பறிபோன பிறகு எஞ்சியதில் ஓரிடத்தையாவது மிதிக்காதீர்கள் என்கிறார்கள். மேலிருந்து வரும் தடைக்கும் கீழிருந்து எழும் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கும் வேறுபாடு தெரியாவிட்டால் நாம் படித்த அரசியல் எதற்கு?

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பணக்கார ரிசார்ட்டுகளுக்கு முன்னால், காசில்லாமல் மண்ணில் படுத்து வானம் பார்க்கலாம் என்பது நல்ல விஷயம். நிலம் பொதுவாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள்தானே நாம். தொழிலாளர் குடும்பங்கள் பிள்ளைகளோடு செலவில்லாமல் போய்வர இதைவிட வேறு வழியும் இல்லை. என் சண்டை இலவசத்தோடு அல்ல. இலவசத்தின் கணக்கை மறைப்பதோடு.

ஆகவே போங்கள். போகும் முன் அது யாருடைய நிலம் என்று பெயரோடு தெரிந்துகொள்ளுங்கள். விறகைக் கையோடு கொண்டு போங்கள், குப்பையைக் கையோடு கொண்டு வாருங்கள், கல்லை அங்கேயே விடுங்கள். ஊற்றில் சோப்பு போடாதீர்கள். ஏரியில் இறங்காதீர்கள். கூடாரத்துக்கு மிச்சமான காசைப் பூர்வகுடி மக்கள் நடத்தும் சுற்றுலாவுக்கும் கலை மையங்களுக்கும் கொடுங்கள். படம் போடும்போது பாலத்தின் நீளத்தை எழுதுவதோடு, அந்த மக்களின் பெயரையும் எழுதுங்கள். இவையெல்லாம் குறைந்தபட்சம். அடுத்த முறை அவர்களின் நிலமும் தண்ணீரும் குரலும் வாக்குப்பெட்டிக்கு வரும்போது எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதுதான் உண்மையான வாடகை.

மாரீயில் இன்று ரயில் ஓடுவதில்லை. 1980இல் அந்தப் பாதை மூடப்பட்டது. தண்டவாளம் போன பிறகும் ஊரின் இரண்டு பக்கங்கள் ஒரே நாளில் ஒன்றாகிவிடவில்லை. கோடு மண்ணில் அழிந்தாலும் மனதில் அழிவதற்கு யாராவது நடுப்படியிலிருந்து இறங்கி அந்தப் பக்கம் நடக்க வேண்டும். ஒட்டகக்காரர்களில் சிலர் நடந்தார்கள். அவர்களைவிட வசதியான வண்டி நம்மிடம் இருக்கிறது.